எக்ஸ்ரே அறையில் நோயாளியின் கதிர் அளவைக் கட்டுக்குள் வைத்திருப்பது எப்படி

எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவருக்குச் சர்வதேசத் தரங்கள் ஓர் எல்லை போட்டிருக்கின்றன. ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவேர்ட் (உடலுக்குக் கதிரால் வரும் தாக்கத்தின் அலகு), எந்த ஒரு வருடத்திலும் 50க்கு மேல் போகக்கூடாது. வெளியே வாங்கில் குந்தியிருக்கும் பொதுமகனுக்கு வருடத்துக்கு 1. மேசையில் படுத்திருக்கும் நோயாளிக்கு மட்டும் எல்லை எதுவும் கிடையாது. நோயைக் கண்டுபிடிக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு கொடுக்கலாம் என்பதுதான் ஏற்பாடு. ஆகவே நோயாளியின் அளவைக் கட்டுப்படுத்துவது படம் எடுக்கச் சொல்லித் துண்டு எழுதும் வைத்தியர், ஆளியை அழுத்தும் ரேடியோகிராபர், இயந்திரத்துக்குப் பொறுப்பானவர் ஆகிய மூவருந்தான்.

இது மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் ஆதார வைத்தியசாலைகளிலும் தனியார் நிலையங்களிலும் சாதாரண எக்ஸ்ரே அறையை நடத்துபவர்களுக்கானது. சி.ரி. ஸ்கேன் பற்றித் தேவையான இடத்தில் மட்டும் தொட்டுச் செல்கிறோம்.

முதலில் பத்திரங்கள்

2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டத்தின் கீழ் எக்ஸ்ரே இயந்திரத்தைப் பாவிக்க அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். தனியார் நிலையமென்றால் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தனியார் மருத்துவ நிறுவனமாகப் பதிந்திருக்கவும் வேண்டும். ரேடியோகிராபர் இலங்கை மருத்துவ சபையில் பதிவுள்ளவராக இருக்க வேண்டும். "தம்பி பக்கத்தில நிண்டு பழகிட்டான்" என்று உதவியாளரை ஆளியில் கை வைக்க விடுவது சிறு இடங்களில் இன்னும் நடக்கிறது. கீழே எழுதியிருக்கும் மற்ற எல்லாவற்றையும் அந்த ஒரு வழக்கமே வீணாக்கிவிடும்.

குழாய் மாற்றுவது, அறையை மாற்றுவது, கதவை வேறு பக்கம் வைப்பது ஆகிய எதையும் தொடங்க முன்னரே பேரவைக்கு எழுதுங்கள். முதன்மைக் கதிர் படும் சுவருக்குப் பொதுவாக 2 மில்லிமீற்றர் ஈயம் அல்லது ஒன்பது அங்குலச் செங்கல் என்று கணக்குப் போடுவார்கள். ஓட்டைக் கல்லால் கட்டிய சுவர் வெளித்தோற்றத்துக்குத் தடிப்பாக இருந்தாலும் அந்தக் கணக்கில் சேராது. நம் பக்கக் கட்டடங்களில் இதைக் கட்டாயம் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

எடுக்கத் தேவையில்லாத படம்

நோயாளிக்கு அதிக நன்மை தருவது துண்டைப் படிப்பதுதான். வைத்தியரிடம் திருப்பிக் கேட்பதற்கு ரேடியோகிராபருக்கு உரிமையும் கடமையும் உண்டு. துண்டில் "செஸ்ட் எக்ஸ்ரே" என்று மட்டும் இருந்தால் போதாது. என்ன கேள்விக்கு விடை தேடுகிறார் என்பது ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

இங்கே அடிக்கடி வரும் சில:

நாரிப்பிடிப்பு. வயலிலும் தோணியிலும் வேலை செய்பவர்களுக்கு இது வழமை. காய்ச்சல், மெலிவு, கால் விறைப்பு, சிறுநீர் அடைப்பு, விழுந்த காயம், புற்றுநோய் வரலாறு எதுவும் இல்லையென்றால் முதல் ஆறு கிழமைக்கு முதுகெலும்புப் படம் சிகிச்சையை மாற்றாது. அந்தப் படமோ ஏறக்குறைய 1.5 மில்லிசீவேர்ட், நெஞ்சுப் படத்தைப் போல பல பத்து மடங்கு.

தலையில் அடி. மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளைக்குள் இரத்தம் கசிந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் மண்டையோட்டு எக்ஸ்ரே அதைக் காட்டாது. சி.ரி. தேவையானவருக்குச் சி.ரி. தான். முதலில் ஒரு மண்டையோட்டுப் படம் எடுப்பது கதிரையும் நேரத்தையும் கூட்டும்.

தொண்டையில் மீன்முள். பல மீன்களின் முள் எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. படம் சுத்தமாக இருக்கிறதென்று நோயாளியை வீட்டுக்கு அனுப்ப முடியாதபோது, படம் எடுத்து என்ன பயன் என்று முன்னரே கேளுங்கள்.

டெங்கு. மாரியில் வாட்டு நிரம்பும் காலத்தில் நெஞ்சுக்குள் நீர் கசிந்திருக்கிறதா என்று பார்க்க வலப்பக்கம் சரித்துப் படம் கேட்பார்கள். அல்ட்ராசவுண்ட் கைவசம் இருந்தால் அது இன்னும் சிறிய கசிவையும் காட்டும், கதிரும் இல்லை. ஒரே நோயாளிக்கு நாளுக்கொரு படம் என்று துண்டு வந்தால் வாட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுப்பது நல்லது.

வெளிநாட்டு மெடிக்கல். மத்திய கிழக்குக்குப் போகும் பெண்களுக்கு நெஞ்சுப் படம் கேட்கிறார்கள். கர்ப்பம் பார்க்கும் சிறுநீர்ப் பரிசோதனையை முதலிலும் எக்ஸ்ரேயைக் கடைசியிலும் வையுங்கள். பல இடங்களில் வரிசை தலைகீழாகவே ஓடுகிறது, எக்ஸ்ரே அறை வெறுமையாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக.

பழைய படம் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். வேறு வைத்தியசாலையில் போன கிழமை எடுத்த படம் வீட்டு அலுமாரியில் கிடக்கும். கொண்டுவரச் சொல்ல யாருமில்லாததால் புதிதாக எடுப்பார்கள்.

பெயரும் திகதியும்

"நீங்க பாத்திமாவா?" என்று கேட்டால் களைத்துப்போய் இருப்பவர் எந்தப் பெயருக்கும் "ஓம்" என்பார். "உங்கட முழுப்பேர் என்ன? எத்தின வயசு?" என்று கேட்டு, அவர் சொல்வதைத் துண்டோடும் கிளினிக் இலக்கத்தோடும் ஒப்பிடுங்கள். ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் உள்ள இருவர் ஒரே காலையில் வருவது இங்கே அதிசயமில்லை. எந்தப் பக்கம் நோகிறது என்பதைக் கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். இடது, வலது ஈயக் குறியைப் படம் எடுக்கும்போதே வையுங்கள். பின்னர் கணினியில் சேர்க்கும் எழுத்து, பக்கம் மாறிவிட்டால் உங்களைக் காப்பாற்றாது.

கர்ப்பம் பற்றிக் கேட்பதற்கு 12 முதல் 50 வயது வரை எல்லோருக்கும் ஒரே கேள்வி: "தங்கச்சி, கடைசியா மாதவிடாய் எந்தத் திகதி வந்த?" தனியாக, திரைக்குப் பின்னால், முடிந்தால் பெண் ஊழியர் மூலம் கேளுங்கள். கர்ப்பமா என்று நேராகக் கேட்டால், தாயோ மாமியோ பக்கத்தில் நிற்கும்போது உண்மை வராது. திகதியைக் கேட்பது எல்லோருக்கும் பொதுவான நடைமுறையாக இருந்தால் எவருக்கும் உறுத்தாது. அந்தத் திகதியைத் துண்டிலேயே எழுதுங்கள். அறிவித்தல் பலகை அம்பாறைப் பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும்.

கதிர் உதரவிதானத்துக்கும் முழங்காலுக்கும் இடையில் படுமானால்தான் இந்தக் கேள்விக்குப் பாரம். அந்தப் பகுதியில், மாதவிடாய் தள்ளிப்போகவில்லையென்றால் எடுக்கலாம். தள்ளிப்போயிருந்தால், பரிசோதனை இல்லையென்று காட்டும்வரை கர்ப்பம் என்றே கருதுங்கள். வயிற்றுச் சி.ரி., பேரியம் எனிமா (பெருங்குடலைப் படமெடுப்பது) போன்ற அதிக அளவு உள்ளவற்றை மாதவிடாய் தொடங்கி முதல் 10 நாளுக்குள் வையுங்கள். கர்ப்பிணியின் கை முறிவுக்கும் நிமோனியாவுக்கும் படத்தைத் தள்ளிப்போடாதீர்கள். நெஞ்சுப் படத்தில் கருவுக்குப் போவது 0.01 மில்லிகிரேக்கும் (உடல் உறிஞ்சும் கதிரின் அலகு) குறைவு.

படம் எடுக்கும்போது

முதலில் கொலிமேட்டர், அதாவது கதிர் படும் பரப்பை ஒடுக்கும் கருவி. முதுகெலும்புக்கு 35 க்கு 43 சென்ரிமீற்றர் முழுவதையும் திறந்தால் 1505 சதுர சென்ரிமீற்றர். 20 க்கு 40 என்று ஒடுக்கினால் 800. நோயாளியின் உடலில் கதிர்படும் பரப்பு ஏறத்தாழ அரைவாசியாகிறது, உடலில் பட்டுத் திசைமாறும் கதிர், அதாவது சிதறல், குறைவதால் படமும் தெளிவாகிறது. கணினித் திரையில் ஓரத்தைக் கறுப்பாக வெட்டிவிடுவது ஒடுக்குவதாகாது. அது ஏற்கனவே கதிர் பட்ட இடத்தை மறைப்பது மட்டுமே. சந்தேகம் வந்தால் வெட்டாத மூலப் படத்தைத் திறந்து பாருங்கள். நான்கு ஓரமும் தெரிய வேண்டும்.

இரண்டாவது, கே.வி. யைக் (குழாயின் மின்னழுத்தம், கதிரின் ஊடுருவும் வலு) கூட்டி எம்.ஏ.எஸ். ஐக் (மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கியது, கதிரின் அளவு) குறைப்பது. கே.வி. ஐ 15 சதவீதம் உயர்த்தினால் எம்.ஏ.எஸ். ஐப் பாதியாக்கலாம். 70 கே.வி. இல் 40 எம்.ஏ.எஸ். எடுக்கும் இடத்தில் 80 கே.வி. இல் 20 போதும், நோயாளியின் அளவு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறையும். நிற்க வைத்து எடுக்கும் நெஞ்சுப் படம் 180 சென்ரிமீற்றர் தூரத்தில், கிரிட்டோடு (சிதறலைத் தடுக்கும் ஈயக்கீற்றுத் தட்டு) 110 முதல் 125 கே.வி. வரை. இயந்திரம் அவ்வளவு தாங்காதென்றால் கிரிட்டை எடுத்துவிட்டு 70 கே.வி. அளவில் எடுங்கள். குறைந்த கே.வி. யையும் கிரிட்டையும் ஒன்றாகப் பாவிப்பதுதான் மோசமான சேர்க்கை.

நெஞ்சை முடிந்த மட்டும் பி.ஏ. ஆக எடுங்கள். முதுகுப்புறத்திலிருந்து கதிர் வருவதால் மார்பகத்துக்குப் போவது குறையும். வளரும் பெண் பிள்ளையின் முதுகு வளைவைத் திரும்பத் திரும்பப் படமெடுக்க வேண்டியிருக்கும்போது இது மிகவும் முக்கியம்.

உடுப்பு, நகை விஷயத்தில் கவனம் வேண்டும், ஏனெனில் திரும்ப எடுக்க வேண்டிவரும் படங்களுக்கு இவையும் பெரிய காரணம். பின்னலை உச்சியில் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள், தொங்கவிட்டால் நுரையீரல் உச்சியில் நிழலாக விழும். அபாயாவின் பொத்தான், ஃபர்தாவின் ஊசி, தாயத்து, அரைஞாண் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தாலியைக் கழற்ற மறுப்பவரிடம் வற்புறுத்த வேண்டாம். கொடியை மேலே தூக்கி வாயில் கவ்விக்கொள்ளச் சொன்னால் நெஞ்சிலிருந்து விலகிவிடும். மாற்றிக்கொள்ளப் பருத்திக் கவுண் ஒன்று பெண்களுக்கென்று சுத்தமாகத் தொங்கினால் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும்.

பிள்ளைகளுக்குத் தனி அட்டவணை எழுதி ஒட்டுங்கள். பெரியவரின் எண்ணைக் கண்மதிப்பில் குறைப்பது அட்டவணையாகாது. உடல் தடிப்பு 12 சென்ரிமீற்றருக்குக் குறைவானால் கிரிட்டை எடுத்துவிடுங்கள், அளவு பாதிக்கும் கீழே போகும். நேரத்தை இயந்திரம் தரக்கூடிய மிகக் குறைந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள், குழந்தை அசைந்தாலும் மங்காது. நெஞ்சுக்குத் துண்டு வந்திருக்கும்போது தாடை முதல் தொடை வரை முழுப் பிள்ளையையும் ஒரே படத்தில் எடுப்பது வாட்டுகளில் காணப்படும் கெட்ட பழக்கம். பிள்ளையைப் பிடிப்பதற்குத் தாயோ தகப்பனோ நிற்கட்டும், தாய் கர்ப்பமில்லை என்று கேட்ட பிறகு, ஈய அங்கியோடு, கை ஒளிக்கட்டத்துக்கு (கதிர் படும் இடத்தைக் காட்டும் கொலிமேட்டர் வெளிச்சம்) வெளியே. ஊழியர் ஒருவரையே ஒவ்வொரு நாளும் பிடிக்க வைக்காதீர்கள்.

வாட்டில் நடமாடும் இயந்திரம் என்றால் அடுத்த கட்டில் கதிரின் திசையில் இல்லாதபடி பாருங்கள், மற்றவர்கள் 2 மீற்றர் விலகட்டும்.

அழகான படம் ஏன் சந்தேகத்துக்குரியது

பழைய பிலிமில் கதிர் கூடினால் படம் கறுத்துவிடும், உடனே தெரியும். தகட்டில் பதித்து வாசிப்பானில் வாசிக்கும் சி.ஆர்., நேரே கணினிக்குப் போகும் டி.ஆர். ஆகிய டிஜிட்டல் முறைகளில் அப்படியில்லை. கதிர் குறைந்தால் படம் மணல் தூவியதுபோல வரும், வைத்தியர் குறை சொல்வார். கூடினால் படம் இன்னும் வடிவாக வரும், யாரும் ஒன்றும் சொல்லார். அதனால் அட்டவணையிலுள்ள எண்கள் மாதத்துக்கு மாதம் மெல்ல ஏறிப் போகும்.

இதைப் பிடிக்க ஒவ்வொரு படத்தோடும் வரும் எண்ணைப் பாருங்கள். புதிய இயந்திரங்களில் டி.ஐ. என்ற விலகல் எண் இருக்கும். 0 என்றால் சரி, +3 என்றால் இரட்டிப்பு, −3 என்றால் பாதி. −1 க்கும் +1 க்கும் இடையில் நின்றால் திருப்தி. பழைய இயந்திரங்களில் நிறுவனத்துக்கு நிறுவனம் கணக்கு வேறு. ஃபூஜியின் எஸ். எண் தலைகீழ்: 200 இலிருந்து 100 ஆக இறங்கினால் கதிர் இரண்டு மடங்காகிவிட்டது. கொடக்கில் 300 கூடினாலும், அக்ஃபாவில் 0.3 கூடினாலும் இரண்டு மடங்கு. எந்த எண் எந்தப் பக்கம் போகிறது என்பதை ஒரு மட்டையில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

நோயாளியின் தோலில் படும் உண்மையான அளவு தெரிய வேண்டுமென்றால் வருடாந்தச் சோதனைக்கு வரும் மருத்துவ இயற்பியலாளரிடம் ஒவ்வொரு கே.வி. க்கும் 1 மீற்றர் தூரத்தில் ஓர் எம்.ஏ.எஸ். க்கு எத்தனை மில்லிகிரே வெளிவருகிறது என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதை எம்.ஏ.எஸ். ஆல் பெருக்கி, 100 ஐக் குழாயிலிருந்து தோல் வரையிலான தூரத்தால் பிரித்து வரும் எண்ணின் வர்க்கத்தால் பெருக்கி, உடலிலிருந்து திரும்பும் சிதறலுக்காக 1.35 ஆல் பெருக்குங்கள். உதாரணம்: பட்டியலில் 0.06, எம்.ஏ.எஸ். 40, தூரம் 75 சென்ரிமீற்றர். 0.06 × 40 × 1.78 × 1.35 = ஏறக்குறைய 5.8 மில்லிகிரே.

முன்னாலிருந்து எடுக்கும் நாரி முதுகெலும்புப் படத்துக்குச் சர்வதேச அணுசக்தி முகவரகம் 1996 இல் தந்த வழிகாட்டி அளவு 10 மில்லிகிரே, பக்கவாட்டுக்கு 30, நெஞ்சு பி.ஏ. க்கு 0.4, இடுப்புக்கு 10. அவை மெதுவான பிலிம் காலத்துக் கணக்கு. வேகமான பிலிமுக்கே பாதியாகவோ மூன்றிலொன்றாகவோ குறைக்கச் சொன்னார்கள். ஆகவே இன்றைய டிடெக்டரில் 10 ஐத் தொட்டால் எங்கோ கோளாறு.

ஒரு வகைப் படத்துக்கு 20 நோயாளிகளை எடுங்கள். நம் ஊர் உடல்வாகுக்கு 50 முதல் 70 கிலோ வரை உள்ளவர்கள் பொருத்தம். கணக்கிட்டு நடுவில் வரும் எண்ணைக் குறித்துவைத்து, வருடத்துக்கொருமுறை ஒப்பிடுங்கள்.

குப்பைக்குப் போன படங்கள்

கெட்ட படத்தை அழித்துவிட்டு இன்னொன்று எடுத்தால் நோயாளிக்கு இரண்டு மடங்கு, பதிவிலோ ஒன்றுதான். அதனால் அழிக்கும் உரிமையைக் கடவுச்சொல்லால் பூட்டுங்கள். திகதி, உடற்பகுதி, காரணம், எடுத்தவர் என்ற நான்கு நிரலோடு ஒரு கொப்பி போதும். காரணங்களை நிலைப்பாடு, அசைவு, கதிர் அளவு, நகை அல்லது உடுப்பு, இயந்திரம், தவறான நோயாளி என்று முன்னரே அச்சிட்டுவையுங்கள். குறைந்தது 250 படங்கள் சேர்ந்த பிறகு சதவீதம் பாருங்கள். 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 10 ஐத் தாண்டினால் தேடிப் பார்க்க வேண்டும். 1, 2 சதவீதம் என்று வந்தால் மகிழ வேண்டாம். யாரோ எழுதவில்லை, அல்லது கெட்ட படத்தையே வைத்தியரிடம் அனுப்புகிறார்கள்.

கொப்பி தண்டிப்பதற்கு என்ற எண்ணம் வந்தால் மறுநாளே பொய்யாகிவிடும். எடுத்தவரின் பெயர் பயிற்சிக்காக மட்டும் என்பதைப் பொறுப்பானவர் நடந்துகாட்ட வேண்டும்.

நிலைப்பாடுதான் எங்கும் முதலிடம். இந்தக் கரையில் இரண்டாவது ஒரு காரணமும் உண்டு: தூசி. கச்சான் அடிக்கும் மாதங்களில் யன்னலிடுக்கால் புகும் தூசி சி.ஆர். தகட்டில் ஒட்டி வெள்ளைப் புள்ளியாக விழும். கல் என்றும் உலோகத் துண்டு என்றும் தோன்றும், திரும்ப எடுப்பார்கள். புள்ளி எல்லா நோயாளியிலும் ஒரே இடத்தில் வந்தால் அது தகட்டின் பிழை. நிறுவனம் சொன்ன துப்புரவுத் திரவத்தால் மட்டும் துடையுங்கள், தண்ணீர் படக்கூடாது. ஒரு நாளுக்கு மேல் பாவிக்காமல் கிடந்த கசட்டை (தகடு இருக்கும் உறை) காலையில் அழித்துவிட்டுப் பாவியுங்கள். கசட்டுகளை எக்ஸ்ரே அறைக்குள் அடுக்கிவைக்காதீர்கள், சிதறல் படும்.

மாதமொருமுறை

கொலிமேட்டரின் ஒளியும் கதிரும் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்று சில்லறைக் காசால் பார்க்கலாம். பெரிய கசட்டை மேசையில் வைத்து 100 சென்ரிமீற்றர் தூரத்தில் ஒளியை 18 க்கு 24 ஆகத் திறவுங்கள். ஒவ்வொரு ஓரத்திலும் இரண்டு காசு, ஒன்று உள்ளே, ஒன்று வெளியே, இரண்டும் ஒளிக்கோட்டில் தொடும்படி. ஒன்பதாவது காசை ஒரு மூலையில் வைத்தால் எந்தப் பக்கம் எதுவென்று பின்னர் தெரியும். 50 கே.வி., 2 அல்லது 3 எம்.ஏ.எஸ். தானாக ஓரம் வெட்டும் வசதியை நிறுத்திவிட்டுப் படத்தைத் திறவுங்கள். கதிரின் ஓரம் காசுகள் தொடும் இடத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து, எதிரெதிர் ஓரங்களைக் கூட்டுங்கள். 2 சென்ரிமீற்றரைத் தாண்டினால் திருத்துநரைக் கூப்பிடுங்கள். மின்குமிழ் மாற்றிய அன்றே இதைச் செய்ய வேண்டும், கண்ணாடி அசைவது பெரும்பாலும் அப்போதுதான்.

இரண்டாவது சோதனைக்கு 1 மில்லிமீற்றர் செப்புத் தகடு. அதைக் கொலிமேட்டர் வாயில் ஒட்டி, 70 கே.வி., 10 எம்.ஏ.எஸ்., ஒரே தூரம், ஒரே கசட். வரும் கதிர் எண்ணைக் குறியுங்கள். கதிர் 20 சதவீதத்துக்கு மேல் விலகினால் குழாயோ தகடோ வாசிப்பானோ மாறியிருக்கிறது. எக்ஸ்ரேக்குத் தனி மின்னிணைப்பு இல்லாத கட்டடங்களில், குளிரூட்டிகள் எல்லாம் ஓடும் நண்பகலில் மின்னழுத்தம் இறங்கிக் கே.வி. குறையும். காலையிலும் நண்பகலிலும் ஒவ்வொரு முறை செய்து பார்த்தால் பிடிபடும். கே.வி. குறைந்ததை அறியாமல் எம்.ஏ.எஸ். ஐக் கூட்டுவது நோயாளியின் தோலுக்குத்தான் சுமை.

கே.வி. சரிநிலை, நேரம், மொத்த வடிகட்டல் ஆகியவை இயற்பியலாளரின் வேலை. வடிகட்டல் குறைந்தது 2.5 மில்லிமீற்றர் அலுமினியம். கொலிமேட்டரைத் திறந்து திருத்தியவர் மெல்லிய அலுமினியத் தகட்டைத் திரும்பப் போட மறந்துவிடுவதுண்டு. படம் வழமைபோலவே வரும், தோலுக்கு மட்டும் பயனற்ற மென்கதிர் கூடிப்போகும். திருத்தம் முடிந்ததும் கேளுங்கள்.

ஈய அங்கி பற்றி ஒரு திருத்தம்

நோயாளியின் இனவிருத்தி உறுப்பு மேல் ஈயம் வைக்க வேண்டும் என்று பல வருடம் படிப்பித்தோம். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019 இல் அந்தப் பழக்கத்தைக் கைவிடச் சொன்னது. காரணங்கள் நியாயமானவை: ஈயம் நகர்ந்து இடுப்பெலும்பை மறைத்தால் திரும்ப எடுக்க வேண்டும், போதிய கதிர் வந்ததும் தானே நிறுத்தும் தானியங்கி அளவீட்டின் மேல் விழுந்தால் இயந்திரம் கதிரைக் கூட்டும், உடலுக்குள் சிதறுவதை வெளியே வைத்த ஈயம் தடுக்காது. ஒடுக்கிய கொலிமேட்டர் அதைவிட நன்றாகக் காக்கும். உங்கள் நிலையத்தில் வேறு எழுத்து விதி இருந்தால் அதை முதலில் மாற்றிவிட்டுச் செய்யுங்கள். பயந்துபோன நோயாளி கேட்டால் ஒளிக்கட்டத்துக்கு வெளியே ஒரு அங்கி போடுவதில் நட்டமில்லை.

பிடித்து நிற்பவருக்கு அங்கி கட்டாயம், 0.25 மில்லிமீற்றர் ஈயம் சிதறலுக்குப் போதும். மடித்து வைத்தால் மடிப்பில் வெடிக்கும், தொங்கவிடுங்கள். வருடத்துக்கொருமுறை அங்கியையே படமெடுத்து வெடிப்புப் பாருங்கள்.

நோயாளி கேட்கும்போதும், பிழை நடக்கும்போதும்

"கதிர் உடம்பில தங்குமா?" தங்காது. ஆளியை விட்டதும் முடிந்தது. பாலூட்டுவதை நிறுத்தத் தேவையில்லை. நெஞ்சுப் படம் 0.02 மில்லிசீவேர்ட். இயற்கையிலிருந்து உலகச் சராசரியாக வருடத்துக்கு 2.4 கிடைப்பதால், இது மூன்று நாள் சும்மா இருந்ததற்குச் சமம். வயிற்று எக்ஸ்ரே 0.7. வயிற்றுச் சி.ரி. ஏறக்குறைய 8, அதாவது 400 நெஞ்சுப் படம். "சும்மா ஒரு ஸ்கேன் எடுத்துப் பாப்பம்" என்பவருக்கு இந்தக் கடைசி எண்ணைச் சொல்லுங்கள்.

தவறான ஆளையோ தவறான பக்கத்தையோ எடுத்துவிட்டால் படத்தை அழிக்காதீர்கள். கே.வி., எம்.ஏ.எஸ்., தூரம், ஒளிக்கட்ட அளவு, எத்தனை முறை என்பவற்றை அப்போதே எழுதி, துண்டெழுதிய வைத்தியருக்கும் கதிர்ப் பாதுகாப்புப் பொறுப்பாளருக்கும் அன்றைக்கே அறிவியுங்கள். நோயாளிக்கும் வாயால் சொல்ல வேண்டும்.

படம் எடுத்த பின் கர்ப்பம் என்று தெரியவந்தால் பதற்றத்தில் எவரும் கருக்கலைப்பு என்ற வார்த்தையைச் சொல்லிவிடக் கூடாது. கருவுக்குப் போகும் சராசரி அளவு வயிற்று எக்ஸ்ரேயில் 1.4 மில்லிகிரே, இடுப்பில் 1.1, நாரி முதுகெலும்பில் 1.7, இடுப்புச் சி.ரி. இல் 25. கருவுக்கு 100 மில்லிகிரேக்குக் கீழே போயிருந்தால், கதிரைக் காரணம் காட்டிக் கர்ப்பத்தைக் கலைக்க நியாயமில்லை என்பது கதிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழுவின் நிலைப்பாடு. எழுதிவைத்த எண்களை இயற்பியலாளருக்கு அனுப்பி, அந்தத் தாயின் படத்துக்கே உரிய கணக்கை வாங்கி, மகப்பேற்று வைத்தியர் மூலம் எழுத்தில் கொடுங்கள். பிரதியொன்று துண்டோடு கோவையில் இருக்கட்டும்.